திருத்திய முகம்

“தலையக் கொஞ்சம் எடது பக்கம் திருப்புங்க. இன்னும் கொஞ்சம். போதுமுங்க, அப்படியே இருங்க” என்றாள் வசந்தாமணி. நாச்சிமுத்து அப்படியே இருந்தார். கை இரண்டையும் தொடைமேல் வைக்கச் சொல்லியிருந்தாள், வைத்துக்கொண்டார். பார்வை எங்கே இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அவளைப் பார்க்கலாமா, கூடாதா? கேட்டால் ஆசைப்பட்டுக் கேட்பதாக ஆகிவிடும். அதனால் அவளுக்குப் பின்னாலிருந்த ஜன்னல் கம்பியில் கண்ணை நிறுத்தினார். கம்பியைப் பார்த்தாலும் அதற்கு ஒரு விரற்கடை தள்ளி அவள் நெற்றியும் பாதிப் புருவமும் தெரிந்தன, மிச்சத்தைப் படச் சட்டம் மறைத்தது. பல வருஷத்துக்குப் பிறகு தன் மனைவியோடு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மனசு மெல்ல மெல்லத்தான் வாங்கிக்கொண்டது. கோயமுத்தூர் கணபதியில் ஒரு மாடி அறை, ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி இருக்கும், கீழே வீட்டுக்காரர் டி.வி.யைச் சத்தமாக வைத்திருந்தார், அறை முழுக்கப் பெயிண்ட் கரைக்கிற டர்பன்டைன் வாடை. திருப்பூரில் ஏழரை மணி பஸ் ஏறி, சவரம் செய்த கன்னம் காற்றில் எரிய எரிய வந்து சேர்ந்தபோது, கதவைத் திறந்தவள் “வாங்க, சாப்ட்டீங்ளா?” என்றுதான் கேட்டாள். சாப்பிட்டாயிற்று என்றார். சாப்பிட்டிருக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னோம்? இல்லை என்று சொல்லியிருந்தால் இரண்டு தோசை ஊற்றியிருப்பாள், அது வேகும் நேரம் சமையல்கட்டு வாசலில் சாய்ந்து நின்றிருக்கலாம், நிற்கிற சாக்கில் பேச்சை ஆரம்பித்திருக்கலாம். போச்சு. வாயில் முதலில் வருகிற மரியாதையான பொய்யைச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு நாள் முழுக்கப் பசியோடு இருப்பது அவர் வழக்கம். “இமைக்கலாமா?” என்று உதடு அதிகம் அசையாமல் கேட்டார். “தாராளமா. பேச மட்டும் வேண்டாமுங்க” என்றாள் அவள். சொல்லிவிட்டுக் கண்ணைச் சுருக்கி அவரைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை உடம்பில் எங்கேயோ போய் இறங்கியது. இருபத்தி நாலு வருஷம் குடும்பம் நடத்தியவள் அவரைப் பார்க்காமலா இருந்திருப்பாள். களைப்பாக வந்திருக்கிறாரா என்று பார்ப்பாள், சட்டையில் பொத்தான் இருக்கிறதா என்று பார்ப்பாள், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். இப்படி ஒரு வேலையும் இல்லாமல், அவர் மூக்கையும் தாடையையும் காதோரத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்க்கிற பார்வையை அவர் வாங்கியதே இல்லை. ஒரு வேலையும் இல்லாமல் என்று எப்படிச் சொல்வது, வேலைதானே அது. அவருக்குத் தெரியாத பார்வையா. சாயப் பட்டறையில் முப்பது வருஷமாக அவரும் இதே மாதிரி கண்ணைச் சுருக்கித்தான் துணியைப் பார்க்கிறார். வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டை அனுப்பி இதே நிறம் வேண்டும் என்பான். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்னும் கால் பங்கு சிவப்பு, மஞ்சள் ஒரு சொட்டு குறைவு என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் இரண்டு துண்டையும் ஒட்டிவைத்தால் கோடு தெரியாதபடி கொண்டுவந்து நிறுத்த வேண்டும். திருப்பூரில் நாச்சிமுத்து மாஸ்டர் கண்ணுக்கு மிஷினே தோற்றுப்போகும் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படித் துணியைப் பார்க்கும்போது அவருக்கு அந்தத் துணிமேல் பிரியமா என்ன? ஒன்றும் கிடையாது. அப்படியானால் இவளுக்கும் இப்போது இந்த முகத்தின்மேல் ஒன்றும் இல்லை. நாம் ஒரு துண்டுத் துணி. இருந்தாலும் சில நாள் சில நிறம் சரியாக வந்து விழும்போது நெஞ்சுக்குள் ஒரு இளக்கம் வரும், அதற்குப் பேர் என்னவாம்? வரும், நிச்சயமாக வரும். மூக்கின் இடது பக்கம் அரித்தது. சொறிந்துகொள்ளலாமா என்று கேட்கப் பயமாக இருந்தது, எந்திரித்து நடந்த மாதிரி இருக்கும், பார்வை கலைந்துபோகும். அரிக்கட்டும்.

அவள் நிறம் கலக்குகிற தட்டு அவருக்குத் தெரியவில்லை. எந்த டியூபை எடுக்கிறாள் என்பதும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் பிரஷ்ஷைத் துடைக்கிற பழைய துணி அவள் இடது கையில் தொங்கியது, அது தெரிந்தது. முதலில் நீலம். கடல் நீலம் இல்லை, இங்க் பாட்டில் நீலம். மறுபடியும் நீலம். பிறகு ஒரு பச்சை, மாங்காய்த் தோல் பச்சை, அதில் கொஞ்சம் கருப்பு விழுந்திருந்தது. இதெல்லாம் நம் முகத்தில் எங்கே போகிறது? நெற்றியா, கண்ணுக்குக் கீழா? கல்யாணமான புதிதில், அவிநாசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தவளிடம் ஒருநாள் கேட்டார், மனுசன் முகத்தில் ஏது இந்த நிறமெல்லாம் என்று. “முகத்துல இருக்கறதப் போடறதுக்கு போட்டோ இருக்குதுங்க. அந்த முகத்தப் பாக்கறப்ப எனக்குள்ள என்ன நிறம் வருதோ அதத்தான் நான் போடறேன்” என்றாள். அன்றைக்கு அவர் சிரித்தார். இப்போது சிரிப்பு வரவில்லை. நம்மைப் பார்க்கும்போது அவளுக்குள் நீலம் வருகிறது. நீலம் என்றால் என்ன, துக்கமா, குளிரா? கோபம் என்றால் சிவப்பு எடுத்திருப்பாள். சிவப்பு எடுக்கவில்லையே என்று முதலில் ஆறுதலாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் அதுவே உறுத்த ஆரம்பித்தது. கோபம்கூட இல்லையா? ஆறு வருஷத்தில் கோபம் வடிந்து, கழுவிக் கழுவி வெளுத்த துணி மாதிரி ஆகிவிட்டதா? ஒரு கோடு சிவப்பு, ஓரத்திலாவது, காதுக்குப் பின்னாலாவது போடக் கூடாதா என்று அவர் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். “கண்ணு கீழ போகுதுங்க” என்றாள். மேலே தூக்கினார்.

போன வாரம்தான் போன் வந்தது. பட்டறையில் நீராவிச் சத்தத்துக்கு நடுவே முதலில் யார் என்றே பிடிபடவில்லை. “தெரிஞ்சவங்க முகமா வரைஞ்சிட்டிருக்கனுங்க, பங்குனியில ஒரு ஹால்ல வெக்கறாங்க. உங்க முகம் ஒண்ணு வேணும். ஞாயித்துக்கெழம வர முடியுங்ளா?” என்றாள். வர முடியுமாவா. ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் பவித்ராவுக்கு உடனே சொன்னார். அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், “போங்கப்பா. போயி எதையும் கேக்காதீங்க. அம்மா முகம் கேட்டுருக்காங்க, அத மட்டும் குடுத்துட்டு வாங்க” என்றாள். அதை மட்டும் கொடுக்கத்தான் பஸ் ஏறினாரா? அவிநாசி தாண்டியதிலிருந்து ஒரே வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தார். மணி, வீட்டுக்கு வந்துரு. ரொம்ப அதிகாரமாக இருந்தது. மணி, வந்துரலாமல்ல. கெஞ்சலாக இருந்தது. வீடு பெருசா இருக்குது, ஒரு ஆளுக்கு. இது பொருத்தமாக இருந்தது, ஆனால் வீடு ஒன்றும் பெரிசில்லை, இரண்டு அறைதான். நீலாம்பூர் வருவதற்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்து, எல்லாமே நிறம் சேராத துண்டுகளாகக் கிடந்தன. அவள் போனபோதும் இப்படித்தான், அவளிடம் ஒரே வாக்கியம்தான் இருந்தது. “கோயமுத்தூர்ல ஒரு ஸ்கூல்ல வேல கெடச்சிருக்குங்க. அங்கயே ரூம் எடுத்துத் தங்கிக்கறேன்.” சண்டை இல்லை, அழுகை இல்லை. வாராவாரம் வந்தாள், பிறகு மாசம் ஒரு தடவை, பிறகு மகள் கல்யாணத்துக்கு, பிறகு இல்லை. யாராவது கேட்டால் வீட்டுக்காரி கோயமுத்தூரில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லிக்கொண்டு ஆறு வருஷம் ஓடிவிட்டது. அது பொய்யும் இல்லை.

தலை திரும்பாமல் கண்ணை மட்டும் வலதுபக்கம் தள்ளினால் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த படங்கள் தெரிந்தன. ஒரு கிழவருக்கு நெற்றி ஆரஞ்சு, கன்னக்குழி பச்சை. அது தெருமுனையில் துணி தேய்க்கிறவராம், உள்ளே வரும்போதே சொன்னாள். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, கண் இரண்டும் இரண்டு நிறம், கழுத்து ரத்தச் சிவப்பு. பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிறதாம். வரும்போது இதையெல்லாம் ஒரு பார்வை பார்த்து நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டு நாற்காலிக்கு வந்துவிட்டார். இப்போது ஓரக்கண்ணில் பார்க்கும்போதுதான் அந்தத் தேய்ப்புக்காரருடைய ஆரஞ்சு நெற்றியில் பெட்டிக் கரியின் வெக்கை தெரிந்தது. நாள் முழுக்க அந்த வெக்கையில் நின்ற மனுசன் படுக்கும்போதும் அது நெற்றியில் இருக்கும்தானே. அந்தக் கன்னத்துப் பச்சை யாருடையது? பல்லில்லாத கன்னம் உள்ளே போன இடத்தில் ஒரு பச்சை, மாங்காய்த் தோல் பச்சை. அந்தப் பச்சையை இதற்கு முன்னால் ஒரு முகத்தில் பார்த்திருக்கிறார். வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று கண்ணை இழுத்து ஜன்னல் கம்பியில் கட்டினார். கட்டின கண் நின்றது, மனசு நிற்கவில்லை.

தேவராஜ். தம்பி செத்து முதல் வருஷத் திதிக்குப் படம் வைக்க வேண்டும் என்று அம்மாதான் சொன்னாள். மருமகளே வரைகிறவளாக இருக்கும்போது வெளியே எதற்குக் கொடுக்க வேண்டும் என்றும் அம்மாதான் சொன்னாள். வசந்தாமணி இரண்டு மாசம் வரைந்தாள். வரைகிற வரைக்கும் ஒருத்தருக்கும் காட்டவில்லை. திதிக்குப் பத்து நாள் இருக்கும்போது கூடத்தில் கொண்டுவந்து வைத்துத் துணியை எடுத்தாள். கண்ணுக்குக் கீழே ஊதா, கன்னத்தில் அந்தப் பச்சை, உதடு வெளுத்து, நெற்றி நரம்பில் சிவப்பு ஒரு கோடு, கண் நேரே பார்க்கிறது. அம்மா திரும்பி உள்ளே போய்விட்டாள். தம்பி மனைவி நிர்மலா நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்தாள். “எங்க ஊட்டுக்காரரு இப்படியா இருந்தாரு, பேய் புடிச்சவராட்ட போட்டுருக்கறீங்களேக்கா” என்றாள். வசந்தாமணி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் என்ன சொன்னார்? பாத்துக்கலாம் விடு என்றார். யாரிடம் சொன்னார் என்பது அவருக்கே தெரியாது, இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்ன மாதிரி இருந்தது. பாத்துக்கலாம் விடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வசந்தாமணி பொள்ளாச்சிக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். பட்டறை லீவு. மத்தியானம் படத்தைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் பட்டறைக்குக் கொண்டுபோய், நிறம் பார்க்கிற அறையைத் திறந்து, பகல் வெளிச்சம் மாதிரியே விளக்குப் போட்ட பெட்டிக்கு முன்னால் நிறுத்தினார். தேவராஜ் மகளுக்குக் காது குத்தியபோது எடுத்த போட்டோ இருந்தது, தம்பி சிரித்துக்கொண்டிருப்பான். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வாங்கிவைத்த நாலு டியூப், அவளுடைய பழைய பிரஷ் ஒன்று. தாள் துண்டில் கலந்து கலந்து, போட்டோக் கன்னத்தின்மேல் வைத்து வைத்துப் பார்த்து, கோடு மறைகிறவரைக்கும் திருத்தினார். அவள் போட்ட கண்ணையும் மூக்கையும் தொடவில்லை. நிறத்தை மட்டும்தான் மாற்றினார். ஊதாவை மூடினார், பச்சையை மூடினார், சாயங்காலத்துக்குள் தம்பி நல்ல மாநிறத்தில், ரத்த ஓட்டத்தோடு, சாகாதவன் மாதிரி ஆகிவிட்டான். அதுவரைக்கும் அவர் பிடித்த நிறங்களிலேயே அதுதான் சிறந்தது. அச்சு அசல் தேவராஜே என்று திதிக்கு வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். பொள்ளாச்சியிலிருந்து வந்தவள் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். “எந்த வெளிச்சத்துல வெச்சுக் கலக்குனீங்க?” என்று கேட்டாள். “லைட் பாக்ஸ்லதான், பகல் வெளிச்சத்துல” என்றார். பெருமையாகத்தான் சொன்னார். “நல்லா இருக்குங்க” என்றாள்.

நல்லா இருக்குங்க. இந்த இரண்டு வார்த்தையை அவர் ஆறு வருஷத்துக்கும் மேலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றும் இல்லை, மெச்சிச் சொன்னதுதான். வேறு வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் இன்னொரு நிறம் எழும்பி வருகிறது. துணியிலும் உண்டு இது. விளக்கடியில் ஒட்டிப்போகிற இரண்டு துண்டு வெயிலுக்குக் கொண்டுபோனதும் பிரிந்து நிற்கும், சரக்கு முழுக்கத் திரும்பி வந்துவிடும். அவளிடம் அன்றைக்கே கேட்டிருக்கலாம், நிஜமாகவா என்று. கேட்கவில்லை, எட்டு மாசம் கேட்கவில்லை, அப்புறம் அவள் போய்விட்டாள்.

“கொஞ்ச நேரம் காலை நீட்டிக்கங்க. டீ போடறேன்” என்று வசந்தாமணி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். எந்திரிக்கப் போனவருக்கு வலது கால் மரத்துப்போயிருந்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படத்தின் முன்பக்கம் போய்ப் பார்க்கலாம், மூன்று எட்டுத்தான். அவள் சமையல்கட்டில் இருக்கிறாள், தடுக்க ஆளில்லை. போகவில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை. டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கரை அளவாக இருந்தது, மறக்கவில்லை. இப்போது சொல்ல வேண்டும், இதைவிட நல்ல நேரம் வராது.

“ஊட்டுல மோட்டாரு மாத்திட்டேன்” என்றார்.

“பழசு ஓடலைங்ளா?”

“ஓடுச்சு. சத்தம் ஜாஸ்தியா இருந்துது.”

“ஆமாமுங்க, அது அப்பவே சத்தம் போடும்” என்றாள். அவள் தலைமுடி காதோரம் நன்றாக வெளுத்திருந்தது, அதில் ஒரு நீலத் தீற்றல் ஒட்டியிருந்தது, ஒதுக்கிவிடும்போது பட்டிருக்கும். நீலம் இருக்குது பாரு என்று சொல்லிக் கையை நீட்டலாம். நீட்டியிருந்தால் அவள் நின்றிருப்பாளா, விலகியிருப்பாளா? டீ ஆறிப்போனது. மோட்டாரைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை சொன்னார், அவளும் கேட்டுக்கொண்டாள். அவள் குரலில் வெறுப்பு இல்லை. அந்தக் குரலுக்காக அவர் இன்னும் ஒரு மணி நேரம் மோட்டாரைப் பற்றிப் பேசத் தயாராக இருந்தார். தினமும் ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது அந்தக் குரல் என்ன சொல்லும் என்று ஞாபகப்படுத்திப் பார்ப்பார், வார்த்தை வரும், குரல் வராது. இப்போது வந்துவிட்டது. இதை எப்படிக் கட்டி எடுத்துக்கொண்டு போவது?

மறுபடி உட்கார்ந்தார். வெயில் ஜன்னலில் ஏறி அவருடைய இடது கன்னத்தில் விழுந்தது. தொட்டால் சுடும் என்று தோன்றியது. அந்தச் சூட்டில் கண்ணை மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் இருந்தபோது, இத்தனை நேரம் சுற்றிச் சுற்றி வந்த நினைப்பு, நுழையாமல் தப்பித்துக்கொண்டிருந்த அந்த ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்துவிட்டது. தேவராஜுக்கு ஈரல் போய்விட்டது என்று சொல்லி மூன்றாவது நாள். சாயங்காலம் நாலு மணி. மேற்கே பார்த்த ஜன்னல், இதே மாதிரி வெயில் கட்டிலில் விழுந்திருந்தது. வசந்தாமணி தலைமாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பட்டறையிலிருந்து போன் மேல் போன், ஒரு லாட் துணி முழுக்க நிறம் தப்பிவிட்டது, மாஸ்டர் வந்தால்தான் ஆகும் என்று. தேவராஜ் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். “அண்ணா, இன்னிக்கி இருண்ணா” என்றான். வேறொன்றும் கேட்கவில்லை, அதுவரைக்கும் வாழ்க்கையில் எதுவுமே கேட்காதவன். “நாளைக்குக் காலையில வந்தர்றேன்டா” என்று அவர் சொல்லிவிட்டுக் கையை மெதுவாக, வலிக்காமல், ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார். அப்போது பார்த்தான் ஒரு பார்வை. கண்ணுக்குக் கீழே ஊதா. கன்னத்தில் பச்சை. உதடு வெளுத்து, நெற்றி நரம்பில் சிவப்பு. நிறம் பார்த்தே பிழைத்தவருக்கு அது தெரியாதா? தெரிந்தது. தெரிந்துகொண்டே மாடிப்படி இறங்கினார். பட்டறைக்குப் போய் நிறத்தைப் பிடித்தும் கொடுத்தார். விடிவதற்குள் தம்பி போய்விட்டான்.

ஒரு வருஷம் கழித்து வீட்டுக் கூடத்தில் துணியை எடுத்தபோது அந்தப் பார்வை அப்படியே இருந்தது. நிர்மலா சொன்ன மாதிரி பேயும் இல்லை ஒன்றும் இல்லை, அவன்தான். இன்னிக்கி இருண்ணா என்று கேட்டவன். ஒருத்தி அந்தத் தலைமாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே அத்தனையையும் பார்த்திருக்கிறாள், இரண்டு மாசம் உட்கார்ந்து அதைப் போட்டிருக்கிறாள். அந்த முகம் சுவரில் ஏறி மாலை போட்டுக்கொண்டு தினமும் தன்னைப் பார்க்கும் என்றபோது அவருக்கு வந்தது கோபமும் இல்லை, குடும்ப மானமும் இல்லை. அம்மாவுக்காகத் திருத்தினேன் என்று ஊருக்குச் சொன்னார், தனக்கும் அதையே சொல்லிக்கொண்டார். சொல்லிச் சொல்லி அது நிஜம் மாதிரி நிறமேறிவிட்டது. அவளுக்கு மட்டும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும், நீ போட்டது சரி என்று. அந்தச் சரியை ஒருத்தராவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லியிருக்க வேண்டியவர் அவர் ஒருத்தர்தான், வேறு யாரும் அதைப் பார்க்கவில்லையே. மணி, வீட்டுக்கு வந்துரு என்பதெல்லாம் எதற்கு. அதற்கு முன்னால் கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நெஞ்சு வேகமாக அடித்துக்கொண்டது. அது கழுத்து நரம்பில் அவளுக்குத் தெரியுமோ என்னவோ. “இப்ப வாய் போடறேனுங்க. கெட்டியா மூடிக்கங்க” என்றாள் வசந்தாமணி. மூடினார். ஒரு பிரஷ், இரண்டாவது பிரஷ். துணியில் ஒரு பழுப்பு. மூடின வாய்க்குள் நாக்கு பெரிசாகிக்கொண்டே வந்தது.

“மணி” என்றார்.

“வாய் அசையுதுங்க.”

“அசையட்டும். ஒண்ணு சொல்லோணும்.”

அவள் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

“தேவராஜ் படத்துல நீ போட்டது தப்பில்ல. நூத்துக்கு நூறு சரி. நான் அம்மாவுக்காக மாத்தல. நிர்மலாவுக்காகவும் மாத்தல. நாளைக்கு வர்றேன்னு சொல்லிக் கைய எடுத்தப்ப அவன் அப்படித்தான் இருந்தான். அந்த மூஞ்சிய என்னால தெனமும் பாக்க முடியாது. அதுக்குத்தான் அழிச்சேன்.”

கீழே டி.வி.யில் ஏதோ விளம்பரம் ஓடியது. அவள் பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக் கீழே வைத்தாள்.

“தெரியுமுங்க” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நானும் அங்கதான இருந்தேன். கதவுகிட்டப் போயி நீங்க ஒருக்காத் திரும்பிப் பாத்தீங்க. உங்க ரெண்டு பேரு முகத்தையும் நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். படத்துல இருந்தது கொழுந்தனாரு மட்டும் இல்லீங்க. அந்த ஊதா உங்களுது.”

“தெரிஞ்சும் ஏன் போன? நான் அத அழிச்சதுக்கா?”

“அழிச்சதுக்குப் போகலைங்க. நல்லா இருக்குதுன்னு சொன்னேன் பாருங்க, அப்ப ஏதாவது சொல்லுவீங்கன்னு நின்னேன். ஒண்ணும் சொல்லல. மறுநா சொல்லுவீங்கன்னு பாத்தேன். எட்டு மாசம் பாத்தேனுங்க. ஊட்டுக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் அந்தக் கலரு எப்படிப் புடிச்சேன்னு சொல்லிட்டிருந்தீங்க. சமையல்கட்டுல நின்னு கேட்டுட்டிருப்பேன்.”

சொன்னாரா? சொன்னார். சிவப்பு கால் பங்கு என்று விரலால் காட்டிக்கூடச் சொன்னார்.

“இப்பச் சொல்லிட்டேன்” என்றார். 

“சொல்லிட்டீங்க.” அவள் குரல் தணிந்திருந்தது. “ஆனா நான் வர மாட்டேனுங்க. கேக்கறதுக்குத்தான் வந்திருக்கறீங்கன்னு கதவத் தொறந்ததுமே தெரிஞ்சுது. நீங்க கேட்டு நான் மாட்டேன்னு சொல்ற மாதிரி வேண்டாம். அதான் முன்னாடியே சொல்லிப்போட்டேன். எனக்கு இந்த ரூமு பழகிருச்சு. கோவமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க.”

அவர் தலையாட்டினார். ஆட்டக் கூடாது என்று அவளும் சொல்லவில்லை. பஸ்ஸில் உருட்டிய வாக்கியங்கள் எல்லாம் ஒன்றும் சொல்லாமலே தீர்ந்துபோயிருந்தன. அவ்வளவுதான், எந்திரித்து ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று நினைத்தார். அப்போது தகரத்தைத் தகரத்தில் இழுப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்டது, விட்டு விட்டுக் கேட்டது. அவள் கையில் மழுங்கிய கத்தி ஒன்று இருந்தது, அதன் விளிம்பில் நீலமும் பச்சையுமாகச் சேறு திரண்டு வந்தது.

“என்ன பண்ற?”

“வழிக்கறேனுங்க.”

“ரெண்டு மணி நேரமாப் போட்டத?”

“அது உள்ள வந்தப்ப இருந்த ஆளுங்க. இப்ப உக்காந்திருக்கறது வேற.” கத்தியைத் துடைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கவில்லை. “சித்த நேரம் இருப்பீங்களா? அவசரமா?”

“இருக்கறேன்” என்றார். பட்டறையில் நாளைக்குக் காலையில் ஒரு லாட் இருக்கிறது, அது கிடக்கட்டும் என்று தோன்றியது. இருக்கறேன் என்று இன்னொரு தடவை சொன்னார், அவளுக்குச் சொன்னாரோ அந்த மேற்கு ஜன்னல் கட்டிலுக்குச் சொன்னாரோ, அதோடு அதுவரை எங்கே நின்றிருந்ததோ தெரியாத தண்ணீர் இரண்டு கண்ணிலும் ஏறி வழிந்தது. ஐம்பத்தியேழு வயசில், வெயிலில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இப்படி. வெட்கத்தோடு கையைத் தூக்கப் போனார்.

“தொடைக்க வேண்டாமுங்க” என்றாள் வசந்தாமணி. குனிந்து டியூப் ஒன்றைத் தேடி எடுத்து மூடியைத் திருகினாள். அவர் துடைக்கவில்லை. அது மூக்கோரமாக இறங்கி, உதட்டில் உப்பாகத் தங்கி, தாடையில் கொஞ்ச நேரம் நின்று, சட்டைக்குள் விழுந்தது. அடுத்தது இறங்கியது. அவள் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள்.